பழுதான விறகு அடுப்பைத் திருத்துவதா, மாற்றுவதா? கொழும்பு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

2022இல் எரிவாயு சிலிண்டருக்காக ஊரே வரிசையில் நின்ற மாதங்களில், கொழும்பில் ஏராளமான வீடுகளுக்குள் விறகு அடுப்பு திரும்பி வந்தது. வெள்ளவத்தையில் வீட்டுப் பின்பக்கத்திலும், கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் தாழ்வாரத்திலும் அனகி எனும் சுட்டமண் இரட்டை அடுப்பையோ இரும்பு அடுப்பையோ வைத்தவர்களில் பலர், எரிவாயு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் சோற்றுக்கும் சுடுதண்ணிக்கும் அதைக் கைவிடவில்லை. அந்த அடுப்புகள் இப்போது வெடித்தும், துருப்பிடித்தும், விளிம்பு உடைந்தும் இருக்கின்றன. புதிதாக வாங்குவதா, இருப்பதையே சரிக்கட்டுவதா?

பழுது எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். விறகு எரியும் அறை, சட்டி அமரும் விளிம்பு, சூடும் புகையும் போகும் வழி என்று அடுப்புக்கு மூன்று உயிர்நிலைகள் உண்டு. இவற்றின் வடிவம் குலையாமல் இருந்தால், வெளிப்பக்கம் எவ்வளவு அலங்கோலமாகத் தெரிந்தாலும் திருத்தலாம். வடிவம் குலைந்துவிட்டால், திருத்தும் செலவு எத்தனை குறைவாக இருந்தாலும் நட்டம்தான்: கூடுதல் விறகாகவும், குசினி நிறையப் புகையாகவும் அதைத் தினமும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எனவே புகையைச் சின்ன விடயமாக நினைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் ஆறவிடுங்கள், பிறகு துப்புரவாக்குங்கள்

கடைசியாக எரித்த பிறகு ஒரு முழு நாள் விடுங்கள். சாம்பலுக்கு அடியில் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கலாம். அதனால் சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் அள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளியும் உரச்சாக்கும் வேண்டாம். ஆறாத அடுப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடான சுட்டமண்ணும் வார்ப்பிரும்பும் அந்த ஒரு வினாடியில் வெடித்துவிடும்.

முகக்கவசம் அணிந்து, பழைய கத்தியால் கரியைச் சுரண்டி, தேங்காய்த்தும்புத் தூரிகையால் துடையுங்கள். சட்டி அமரும் குமிழ்களையும், இரண்டு அடுப்புவாய்களுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அடுப்பு வெடித்துவிட்டது என்று நினைக்க வைக்கும் புகையில் பாதி, இந்தச் சுரங்கத்தில் அடைத்த சாம்பலால் வருவது. சாம்பலை எடுத்த அன்றே பிரச்சினை தீர்ந்துவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளில் புகைக்கூட்டுக் குழாயோ, அடுப்புக்குப் பின்னால் வைத்த தட்டோ அஸ்பெஸ்டஸ் ஆக இருக்கலாம். அதைச் சுரண்டவோ, உடைக்கவோ, துளையிடவோ வேண்டாம். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நெருப்புப் பட்டால் அந்தத் தட்டு வெடித்துச் சிதறும். அப்படியான பாகம் அடுப்பில் இருந்தால், அதை நனைத்துப் பத்திரமாகக் கழற்றி மாற்றுவதுதான் ஒரே வழி.

நான்கு சோதனைகள்

கண்ணால் பார்த்து மட்டும் முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். மண் அடுப்பில் மேலே தெரியும் பெரிய வெடிப்பு வெறும் பூச்சு வெடிப்பாக இருக்கும். உள்ளே மயிரளவு தெரிவது அடிவரை போயிருக்கும்.

ஒலி. விரலை மடக்கி, கணுவால் அடுப்பின் உட்சுவரைத் தட்டுங்கள். நன்றாகச் சுட்ட முழு மண் “கிண்” என்று கேட்கும். வெடிப்பு ஊடுருவியிருந்தால் “பொத்” என்று அடங்கிவிடும். நாலு அங்குலத்துக்கு ஓர் இடமாகச் சுற்றிவரத் தட்டினால், ஒலி எந்த இடத்தில் மாறுகிறது என்பது தெளிவாகப் பிடிபடும். மண்பூச்சுக்குள் பதித்த அடுப்பென்றால் வெளியே தட்டிப் பயனில்லை. அகப்பைக் காம்பால் உள்ளே தட்டுங்கள்.

ஒளி. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, எரியறைக்குள் டோர்ச்சை வைத்து, வாயையும் மேல் துளைகளையும் துணியால் மூடுங்கள். வெளிச்சம் நூலாகக் கசியும் இடமெல்லாம் ஊடுருவிய வெடிப்பு. சோக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

புகை. சிரட்டைக்கரித் தணலில் சாம்பிராணி போட்டு எரியறைக்குள் வையுங்கள். சட்டிகளை அதனதன் இடத்தில் அமர்த்திவிட்டுப் பாருங்கள். புகைக்கூடு உள்ள அடுப்பில் புகை முழுவதும் மேலே இழுபட வேண்டும். அனகி போன்ற அடுப்பில் சட்டியைச் சுற்றி ஒரே சீராக வர வேண்டும். முன்வாயால் திரும்பி வந்தால் வழி அடைத்திருக்கிறது; பக்கவாட்டில் வந்தால் வெடிப்பு.

தண்ணீர். ஒரு கிலோ காய்ந்த விறகை நிறுத்து வையுங்கள். மூடிய சட்டியில் 2 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, எத்தனை நிமிடம் எடுத்தது, எவ்வளவு விறகு மிஞ்சியது என்று எழுதுங்கள். அதே சட்டி, அதே இன விறகு. திருத்திய பிறகு மறுபடி செய்து பார்த்தால், திருத்தம் பலன் தந்ததா என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஈர விறகில் இதைச் செய்து அடுப்பைக் குறைசொல்லாதீர்கள். கொழும்பைச் சுற்றி அதிகம் கிடைக்கும் இறப்பர் விறகு, பிளந்து கூரைக்குக் கீழே சில மாதங்கள் காற்றோட்டமாகக் கிடந்தால்தான் சரியாக எரியும்.

மண் அடுப்பு: அனகியும் அதைப் போன்றவையும்

இலங்கையில் பரவலாக விற்கும் அனகி, ஒரே துண்டாகச் சுட்டெடுத்த இரட்டை அடுப்பு. முதல் துளைக்கு நேர் நெருப்பு. இரண்டாவதுக்கு, முதல் சட்டியைத் தாண்டிச் சுரங்கத்தால் வரும் சூடு. இந்த அமைப்பால்தான் மூன்று கல் அடுப்பைவிட அதற்கு விறகு குறைவாகப் பிடிக்கிறது. அமைப்பு கெட்டால் அந்த இலாபமும் போய்விடும்.

முன்வாயின் மேல்விளிம்பில் வெடிப்பு வருவது மிகச் சாதாரணம். விறகை இடித்துத் தள்ளுவதும், பெரிய சட்டியின் பாரமும் அங்கேதான் இறங்குகின்றன. வெடிப்பு நகத்தின் தடிப்புக்கு மேல் அகலவில்லை, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறது என்றால் திருத்துங்கள். ஒரு பக்கம் தாழ்ந்து சட்டி சாய்ந்தால் மாற்றுங்கள். இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள பாலம் இடிந்துவிட்டாலும், எரியறையின் அடி உடைந்து துண்டாகிவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

சட்டி தாங்கும் குமிழ் உடைவது தனிக் கதை. குமிழ் சட்டியை ஏந்துவதோடு, சட்டிக்கும் விளிம்புக்கும் இடையே சுண்டுவிரல் தடிப்பில், ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியையும் காக்கிறது. இடைவெளி குறைந்தால் புகை வெளியேற முடியாமல் வாய்ப்பக்கம் திரும்பும். கூடினால் சுவாலை சட்டியைத் தொடாமலே பறந்துவிடும். சுட்டமண்ணில் பச்சைமண்ணால் குமிழ் ஒட்டினால் இரண்டே நாளில் கழன்று விழும். அது ஒருபோதும் ஒன்றாகச் சேராது. ஒரு குமிழ் மட்டும் போயிருந்தால், மூன்றையும் தட்டி மட்டமாக்கிவிட்டு, 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியில் விரலளவு மூன்று துண்டுகளை வெட்டி, நுனி துளைக்குள் நீட்டியிருக்க, மறுமுனையை வெளி மண்பூச்சில் பதியுங்கள். கம்பியின் தடிப்பே இடைவெளியைச் சரியாக வைத்துக்கொள்ளும்.

வெடிப்பை அடைக்கும் முறை:

களிமண் ஒரு பங்கு, இடித்துச் சலித்த ஓட்டுத்தூள் ஒரு பங்கு. உடைந்த பூச்சாடியோ கூரை ஓடோ மண்சட்டியோ எதையும் இடிக்கலாம். ஏற்கெனவே சுட்ட மண் இனிச் சுருங்காது. அதனால்தான் இந்தக் கலவை காயும்போது பிளப்பதில்லை. நெருப்புப் படும் இடத்தில் ஆற்று மணல் சேர்க்க வேண்டாம். அதிலுள்ள படிகக்கல் 573 பாகை செல்சியஸில் திடீரென்று விரிந்து பூச்சைப் பிளக்கும்.

வெடிப்பை ஆணிமுனையால் 5 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வாய் விரிந்த பள்ளமாகக் கீறி, தூசியைத் துலக்கி, தண்ணீரால் நன்றாக நனையுங்கள். நனைக்காவிட்டால் பழைய மண் புதுக் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒட்டே பிடிக்காது. கலவையைத் திணித்து அழுத்தி, அரைகுறையாகக் காய்ந்ததும் கரண்டியின் முதுகால் தேய்த்து மூடுங்கள்.

அதன்பின் வெளிச்சுற்றைக் கட்டுங்கள். அனகியை வெறுமனே தரையில் வைத்து எரிப்பவர்களுக்கு அது சீக்கிரம் உடையும்; மண்ணில் பதித்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். வெடித்த அடுப்பைக்கூட இந்தச் சுற்று இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். புற்றுமண் 3 பங்கு, மணல் 2, உமி 1, பசுஞ்சாணம் 1 என்று தொடங்குங்கள். உமி காயும்போது பிளவைத் தடுக்கும், பிறகு கருகிச் சூட்டைப் பிடித்துவைக்கும் நுண்துளைகளாகும். வெளிப்புறத்துக்கு மணல் பரவாயில்லை, அங்கே அத்தனை சூடு ஏறாது. மண்ணுக்கு மண் குணம் மாறும் என்பதால், முதலில் கைப்பிடியளவு வடைபோலத் தட்டி நிழலில் காயவிட்டுப் பாருங்கள். பிளந்தால் மணலைக் கூட்டுங்கள், உதிர்ந்தால் மண்ணைக் கூட்டுங்கள். கலவையை ஓர் இரவு ஊறவிட்டு மிதித்துப் பிசைந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். மூன்று அங்குலத் தடிப்பில் ஒரு அடுப்பைச் சுற்றிக் கட்ட 15 லீற்றர் வாளியால் மூன்று, நான்கு வாளி தேவைப்படும். நகருக்குள் புற்றுமண் கிடைக்காதவர்கள், பூச்சாடி செய்பவர்களிடம் களிமண் வாங்கி மணலைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

நிழலில் ஏழு நாள் காயவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையிலும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் இரண்டு கிழமை வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மிஞ்சிய ஈரம் நீராவியாகி ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். பூச்சைத் தள்ளிக்கொண்டுதான் அது வெளியே வரும். முதல் நாள் சுள்ளியும் பன்னாடையும் வைத்து அரை மணித்தியாலம் மட்டும். அடுத்த இரண்டு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சிரட்டையை முதல் நெருப்புக்கு வைக்காதீர்கள், அதன் சூடு கடுமையானது.

காசுக் கணக்கும் இங்கே எளிது. அனகியின் விலை மேசன் ஒருவரின் நாட்கூலியைவிடக் குறைவு. ஆகவே மண் அடுப்பைத் திருத்த மேசனைக் கூப்பிடாதீர்கள். உங்கள் கையால் முடிந்தால் திருத்துங்கள், முடியாவிட்டால் புதிதை வாங்குங்கள்.

செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய அடுப்பு

பழைய வீடுகளில் இடுப்பளவு மேடையும் புகைக்கூடும் கொண்ட அடுப்படியைப் பார்க்கலாம். இதில் நாம் காணும் பழுதுகளில் பெரும்பாலானவை, முன்பு யாரோ சீமெந்து பூசித் திருத்தியதன் விளைவு. சாதாரண சீமெந்து 400 முதல் 500 பாகைச் சூட்டில் தன் கட்டுமானத்திலுள்ள சுண்ணாம்பின் நீரை இழக்கிறது. அடுப்பு ஆறியதும் கொழும்பின் ஈரக்காற்றிலிருந்து அதைத் திரும்ப உறிஞ்சி உப்புகிறது. இப்படிச் சில மாதம் மாறி மாறி நடந்தால் பூச்சு விரலால் தொட்டாலே உதிரும். அதன் மேல் இன்னொரு சீமெந்துப் பூச்சு போடுவது வீண் வேலை.

மேடையும் வெளிச்சுவரும் திடமாக இருந்தால் முழுவதையும் இடிக்கத் தேவையில்லை. எரியறையின் உட்புறத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, பயர் பிரிக் எனும் நெருப்புக்கல்லால் புது உள்வரிசை வைப்பதே சரியான திருத்தம். ஒரு கல் பொதுவாக 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலத் தடிப்பு. ஏறத்தாழ 4 கிலோ. ஒற்றை அடுப்பின் மூன்று பக்கத்துக்கும் அடிக்கும் 15 முதல் 20 கல் போதும். ஹாட்வெயார் கடைகள் வரிசையாக உள்ள பழைய சோனகத் தெருவில் விசாரியுங்கள். கடையில் கேட்கும்போது நெருப்புக்கல்லுக்கான களிமண் சாந்தையும் சேர்த்துக் கேளுங்கள். கல்லை வாங்கி வந்து சீமெந்தால் ஒட்டினால் வாங்கியதே வீண்.

சாந்தைத் தயிர் பதத்துக்குக் கரைத்து, கல்லைத் தண்ணீரில் தோய்த்தெடுத்து, 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளியில் நெருக்கி வையுங்கள். சாந்து தடித்தால் அதுதான் முதலில் உதிரும். உள்வரிசைக்கும் பழைய சுவருக்கும் நடுவே சுண்டுவிரல் அகலம் விட்டு, சலித்த சாம்பலைத் தளர்வாக நிரப்புங்கள். சூட்டில் கல் விரிய இடம் வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சுவரைத் தள்ளிப் பிளந்துவிடும்.

வெளிச்சுவரில் வெடிப்பு மேடையின் அடியிலிருந்து படிக்கட்டுப் போல ஏறினால் அது சூட்டால் வந்ததல்ல, அத்திவாரம் இறங்கியிருக்கிறது. புகைக்கூடு சுவரைவிட்டு விலகிச் சாய்ந்திருந்தாலும் அப்படியே. இவற்றுக்குப் பூச்சு மருந்தில்லை. இடித்துக் கட்டுங்கள்.

இரும்பு அடுப்பு

கடலோரக் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து, உள்ளே எரிந்து மெலிந்த தகட்டை வெளியிலிருந்தும் தின்கின்றன. சாம்பலை உள்ளே விட்டுவைத்தால் இன்னும் மோசம்; அது ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும்.

பழைய தட்டையான ஸ்க்ரூ டிரைவரை எரியறைச் சுவரில் வைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். திடமான இரும்பு அதைத் திருப்பி அனுப்பும். செதில் செதிலாக உதிர்ந்து முனை உள்ளே இறங்கினால் அந்த இடம் முடிந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலம்வரை திடமாக இருந்தால், கெட்டதை வெட்டி எடுத்து 3 மில்லிமீற்றர் கறுப்புத் தகடு (நாகப்பூச்சு இல்லாத இரும்புத் தகடு) வைத்து வெல்டிங் செய்யலாம். சுற்றிலும் தகடு ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே மெலிந்திருந்தால் வெல்டிங் கம்பியே புது ஓட்டைகளைப் போடும். நேர்மையான வெல்டிங்காரர் அதை வாங்கவே மாட்டார். அவர் மறுத்தால் நம்புங்கள்.

கூரைத் தகரத்தை வெட்டி ஒட்டுப்போடுவது வழமை. அதைச் செய்யவே வேண்டாம். தகரத்தின் மேலுள்ள நாகப்பூச்சு 419 பாகையில் உருகி, எரியறைச் சூட்டில் புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். சாதாரணப் பெயின்ற்றும் அடுப்பில் கூடாது; சூடு தாங்கும் பெயின்ற்றை வெளிப்பக்கத்துக்கு மட்டும் பூசலாம்.

அடித்தட்டுக் கம்பிகள் வளைந்துபோவது பழுதே அல்ல, தேய்பாகம். 12 மில்லிமீற்றர் கம்பியை வெட்டி, விரல் தடிப்பு இடைவெளியில் அடுக்குங்கள். ஓரடிக் கம்பி 600 பாகைச் சூட்டில் 2 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். நுனிகளை வெல்டிங் செய்து இறுக்கினால் கட்டாயம் வளையும். பள்ளத்தில் சும்மா படுக்கவைத்து, இரண்டு பக்கமும் 3 மில்லிமீற்றர் விடுங்கள்.

வார்ப்பிரும்பில் வெடிப்பு என்றால் நிதானம் வேண்டும். சாதாரண வெல்டிங் கம்பியால் ஒட்டினால், ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். நிக்கல் கம்பியும், முன்கூட்டியே சூடேற்றலும், மணலுக்குள் புதைத்து மெல்ல ஆறவைத்தலும் தேவை. பரம்பரையாக வந்த கனமான அடுப்புக்கு அந்தச் செலவு தகும். கடையில் வாங்கிய சிறிய அடுப்புக்குத் தகாது.

இரும்புக்கு நாங்கள் பின்பற்றும் அளவு இது: திருத்தும் கூலி, தகடு, ஏற்றியிறக்கும் முச்சக்கரவண்டிக் கூலி எல்லாம் சேர்த்து புது அடுப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டாவது தடவை ஒட்டுப்போட வேண்டியிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் மாற்றுங்கள்.

வெள்ளத்தில் நின்ற அடுப்பு

2016 மே மாத வெள்ளத்தின்போது கொலன்னாவைப் பக்கம் நடந்தது போல அடுப்படிக்குள் களனி கங்கை புகுந்திருந்தால், சுட்டமண் உள்ளுடல் பெரும்பாலும் தப்பிவிடும், வெளிப்பூச்சு கரைந்திருக்கும். பூச்சை முழுவதும் உரித்து, அடுப்பைக் கிருமிநாசினித் தண்ணீரால் கழுவி, குறைந்தது இரண்டு கிழமை உலர்த்தி, ஒலிச் சோதனை செய்த பின் புதிதாகப் பதியுங்கள். நெருப்புக்கல் வரிசைக்கும் இதே முறைதான். இரும்பு அடுப்பைச் சேறு போகக் கழுவி அன்றே துடைத்து வெயிலில் வையுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால்

மண் அடுப்பைக் கடையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுங்கள். “கிண்” என்று கேட்காததைத் திருப்பி வையுங்கள். உங்கள் வீட்டுச் சட்டியைக் கையோடு கொண்டுபோய் அமர்த்திப் பாருங்கள்; ஆடக்கூடாது, சுற்றிவர இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். இரும்பில், எரியறைத் தகடு 3 மில்லிமீற்றரும் கழற்றி மாற்றக்கூடிய அடிக்கம்பிகளும் உள்ளதை எடுங்கள். பளபளப்பைப் பார்த்து மெல்லிய தகட்டை வாங்காதீர்கள்.

புகைக்கூட்டுக் குழாயின் முதல் மூன்று அடி கறுப்புத் தகட்டிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்கட்டும். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மரம், பலகைக்கும் இடையே 450 மில்லிமீற்றர் விடுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதைத் துளைக்காமல் சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரைக்கு மேல் மூன்று அடி உயர்த்துங்கள். உச்சியில் மழைத்தொப்பியும் கம்பிவலையும் வேண்டும். இல்லாவிட்டால் காகம் கூடு கட்டி அடைத்துவிடும். பூட்டிய மாடிக்குடியிருப்புக்குள் எந்த விறகு அடுப்பும் வேண்டாம், கரியடுப்பும் வேண்டாம். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கழித்த இரும்பு அடுப்பைப் பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுக்கலாம். உடைந்த அனகியைக் குப்பையில் போடாதீர்கள். துண்டுகளைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் இடித்து, மாச் சலிக்கும் அரிதட்டில் சலித்து, ஒரு பேணியில் மூடி வையுங்கள். புது அடுப்பின் முதல் வெடிப்பை அடைக்கும் ஓட்டுத்தூள் அதுதான்.